தபால்காரர் பதில்கள்: கொள்ளு காயும் ரோட்டில் பதினோரு சைக்கிள்

போன இதழில் நாங்கள் நாலு நாள் சைக்கிள் மிதித்த கதையை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக: பொங்கல் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை தருமபுரியில் கிளம்பினோம். முதல் நாள் பாப்பாரப்பட்டி வழியாகப் பாலக்கோடு. இரண்டாம் நாள் மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, இரவு கிருஷ்ணகிரி அணை. மூன்றாம் நாள் ஞாயிறு என்பதால் போச்சம்பள்ளிச் சந்தை. நாலாம் நாள் தருமபுரிக்கே திரும்பிவிட்டோம். பதினோரு பேர், பதினோரு சைக்கிள், சாமான் சுமக்க ஒரு குட்டியானை. அஞ்செட்டிப் பக்கத்து வாசகர்கள் பதற வேண்டாம், சரக்கு வண்டியைத்தான் சொல்கிறேன்.

நான் கிராம அஞ்சல் ஊழியராக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் என்று கணக்குப் போட்டால் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அத்தனையும் ஒரே தாலுகாவுக்குள். அதனால்தான் ஆசிரியர் இந்தக் கடிதக் கட்டை என் தலையில் வைத்திருக்கிறார். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

முதல் நாளுக்கு இரண்டு பத்தி, சந்தைக்கு மூன்று பத்தி. இரண்டாம் நாளுக்கு மட்டும் 'பாலக்கோட்டில் கிளம்பி இருட்டும் நேரத்தில் அணைக்கு வந்தோம்' என்று ஒரே வரி. அறுபது கிலோமீட்டரில் ஒன்றுமே நடக்கவில்லையா? (ஓசூர் வாசகர்)

நடந்தது. நடந்ததால்தான் எழுதவில்லை. ஆனால் அடுத்த கடிதம் மாரண்டஅள்ளியிலிருந்து வந்திருக்கிறது, இனி மறைத்துப் பயனில்லை. அதை அங்கே சொல்கிறேன். இங்கே காலை நேரத்தை மட்டும்.

பாலக்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்திருந்தோம். தை மாதக் குளிர், ஜமக்காளத்துக்குக் கீழே இருந்து ஏறியது. ஐந்தரைக்கு எழுந்து தக்காளி மண்டிப் பக்கம் போனோம். பெங்களூரிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள், தக்காளி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தார்கள். லாரி வெளிச்சத்தில் கிரேடு என்கிற பெட்டி பெட்டியாகச் சிவப்பு. ஏலம் கூவுகிறவர் குரல் தவிர வேறு பேச்சில்லை. அன்றைக்கு விலை இறக்கம். கொண்டுவந்தவர்கள் காலிக் கிரேடைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடத் தம் தக்காளியைப் பார்க்கவில்லை, எல்லோரும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது இதே இடத்தில் இதே ஆட்கள் கிரேடைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, நான் கடைசியா வாங்கினப்ப என்ன விலைன்னு இவங்ககிட்டச் சொல்லலாமா?" வேண்டாம்மா என்றேன்.

ஆறரைக்குச் சைக்கிள் ஏறினோம். பாலக்கோட்டைத் தாண்டினால் கரும்பு டிராக்டர்கள். ஆலைக்குப் போகிற வண்டி, பின்னால் தோகை தொங்கத் தொங்கப் போகும். அதன் பக்கத்தில் சைக்கிளில் போகக் கூடாது, பின்தங்கிவிட வேண்டும். அப்புறம் ராகி அறுத்த தாள், அதன் நடுவில் இன்னும் பச்சையாக நிற்கிற அவரை. ராகியோடு சேர்த்து விதைத்து, ராகி வீட்டுக்கு வந்த பிறகும் காட்டில் நின்று காய்க்கிற அவரை. பனி இறங்க இறங்க அதற்கு வாசம் ஏறும். முன்னால் ஒன்பது பேர் கியர் சைக்கிளில் வரிசையாகப் போனார்கள். கடைசியில் நானும் என் இருபத்திரண்டு அங்குல சைக்கிளும், பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், அரசுப் பள்ளியில் கொடுத்த சைக்கிளில். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு கியர்தான், அதனால் பேசிக்கொண்டே வர முடிந்தது.

கலர் சட்டை, தலையில் கவிழ்த்த சட்டி, கறுப்புக் கண்ணாடி. வரிசையாக வந்து ரோட்டில் காய்ந்த கொள்ளின்மேல் ஏறிப் போனீர்கள். அதில் நீங்களும் இருந்தீர்கள். ஊரே பார்த்தது. பத்திரிகையில் அதை ஏன் எழுதவில்லை? (மாரண்டஅள்ளி வாசகர்)

இருந்தேன். எழுதாதது வெட்கத்தால்.

நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். மாரண்டஅள்ளியைத் தாண்டி ராயக்கோட்டை ரோட்டில், ஒன்பதரை மணி இருக்கும். ரோட்டின் அகலம் முழுக்க ஐம்பது அடி நீளத்துக்குக் கொள்ளுச் செடி விரித்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பேருந்து அதன்மேல் ஏறிப் போனது. பேருந்தே போகிறது, நாம் போனால் என்ன என்று முன்னால் போனவர்கள் நினைத்தார்கள். மூன்றாவதாகப் போனவரின் பின்சக்கரத்தில் கொடி சுற்றியது. 'டக்' என்று ஒரு சத்தம். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் பிரேக் பிடித்து, செடியில் வழுக்கி விழுந்தார்கள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

எனக்கு இறங்க நேரம் இருந்தது. பையன் இறங்கிவிட்டான். நான் இறங்கவில்லை. 31 வருடம் தை மாதத்தில் இதே ரோட்டில் கொள்ளு விரித்த இடத்தில் எல்லாம் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனவன் நான். அன்றைக்கு ஏன் இறங்கவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். முன்னால் போன சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன், அவ்வளவுதான்.

புளியமரத்தடியிலிருந்து அந்த அம்மா எழுந்து வந்தார். முதலில் சின்னவர்களைத் திட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குக் கீழே இருக்கிற முகத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

"நீ போஸ்ட்மேன்தானே?"

"ஆமாங்கம்மா."

"பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவியே! தலையில குல்லா ஏறினதும் கண்ணு தெரியலையா?"

முதியோர் பணம் மணியார்டரில் வந்த காலத்தில் மாதா மாதம் அவர் கையில் எண்ணிக் கொடுத்தவன் நான். அவருடைய கைரேகைகூட எனக்கு அடையாளம் தெரியும். பதில் சொல்ல வாய் வரவில்லை.

நகரத்து வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. பேருந்து போகலாம், சைக்கிள் ஏன் போகக் கூடாது? பேருந்து போவதற்காகத்தான் விரிக்கிறார்கள். கனமான சக்கரம் ஏறினால் காய் வெடித்துக் கொள்ளு உதிரும். சைக்கிள் டயர் ஒல்லி, கனமும் இல்லை. காயை உடைக்காது, கொடியை மட்டும் இழுத்துக்கொண்டு போய் ஓரத்து மண்ணில் சேர்க்கும். மண்ணில் சேர்ந்த கொள்ளைப் புடைத்துக் கல் பொறுக்குவதற்குள் கண் போய்விடும். கொள்ளு, மழை முடிகிற நேரத்தில் விதைத்துப் பனியிலேயே விளைவது. விடியற்காலை ஈரத்திலேயே கையால் பிடுங்க வேண்டும், வெயில் ஏறினால் காய் காட்டிலேயே தெறித்துவிடும். அத்தனை குளிரில் குனிந்து பிடுங்கியதைத்தான் நாங்கள் இழுத்துப் போனோம். ராகியையோ வேறு தானியத்தையோ மணியாகக் காயப்போட்டிருந்தால் அதன்மேல் எந்தச் சக்கரமும் ஏறக் கூடாது, அது வேறு.

ரோட்டில் விரிப்பது சரியா என்று சிலர் கேட்பார்கள். சரியில்லைதான். இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் விழுந்து அடிபடுகிறார்கள், ராத்திரியில் இன்னும் மோசம். அரசு உலர்களம் கட்டித் தருகிறது, ஆனால் எல்லாக் குக்கிராமத்துக்கும் பக்கத்தில் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊர்ப் பொதுக் களமாக இருந்த இரண்டு இடங்களில் இன்றைக்கு வீடு நிற்கிறது. அந்த வீடுகளுக்கும் நான் தபால் கொடுத்திருக்கிறேன்.

சரி, அப்புறம் என்ன ஆனது? அந்த அம்மா பணம் வாங்கவில்லை. "வாரிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். சீமாறு இரண்டும் முறம் ஒன்றும் வந்தன. முக்கால் மணி நேரம் பெருக்கினோம். சைக்கிள் உடைந்தவர் ஒரு மென்பொருள்காரர், அவர்தான் எல்லோரையும்விட நன்றாகப் பெருக்கினார். இடையில் அந்த அம்மா அவரிடம் சைக்கிள் என்ன விலை என்று கேட்டார். அவர் வெட்கப்பட்டுப் பாதி விலையைச் சொன்னார். "அதுக்கு ஒரு கறவை மாடு வருமே சாமி" என்றார் அந்த அம்மா. முழு விலையைச் சொல்லியிருந்தால் இரண்டு மாடு.

உடைந்தது, கியர் மாற்றுகிற பகுதியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கிற சின்ன அலுமினியத் துண்டு. ஹேங்கர் என்கிறார்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு அளவு, மாரண்டஅள்ளியில் எங்கே கிடைக்கும்? செயினைக் கழற்றி, கூடுதலாக இருந்த கண்ணிகளை வெட்டிவிட்டு, நடுப் பல்லில் நேராக மாட்டினோம். அவருடைய 22 கியர் சைக்கிள் என்னுடையதைப் போல ஒற்றைக் கியர் ஆனது. ராயக்கோட்டை மேட்டில் அவர் என்னோடும் பையனோடும் இறங்கி நடந்தார்.

அன்று மதியத்திலிருந்து எங்கள் குழுவில் ஒரு புதுக் கூப்பாடு வந்தது. குழி வந்தால் முன்னால் போகிறவர் "குழி!" என்று கத்துவார், எதிரே வண்டி வந்தால் "வண்டி!". இப்போது தானியமோ செடியோ கண்ணில் பட்டால் "களம்!" கேட்டதும் எல்லோரும் இறங்க வேண்டும், நான் உள்பட.

அந்த அம்மாவைப் பார்த்தால் நான் எழுதிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

எனக்கு 52 வயது. மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கும். இப்படி ஒரு பயணத்துக்கு வர முடியுமா? பெண்களுக்கு மற்ற வசதிகள் எப்படி? (பென்னாகரம் வாசகி)

முட்டி வலி எதனால் என்று முதலில் மருத்துவரிடம் தெரிந்துகொள்ளுங்கள் அக்கா. அவர் ஓட்டலாம் என்றால் அடுத்தது சீட்டு. நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள், கால் தரையில் எட்ட வேண்டும் என்று. அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி மடங்கி, முன்பக்கம் வலிக்கும். சைக்கிளில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். கியர் சைக்கிளானால் லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள், கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிக்காதீர்கள். மேடு வந்தால் இறங்கி நடங்கள். எங்கள் குழுவில் நடக்காதவர் மூன்று பேர்தான்.

இப்போதிருந்தே வாரத்துக்கு மூன்று நாள், பத்து கிலோமீட்டரில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். நாற்பது வந்துவிட்டால் போதும். அறுபது தானாக வரும், ஏனென்றால் பயணத்தில் நடுவே நாலு இடத்தில் உட்காருவோம்.

வசதி என்று நாசூக்காகக் கேட்டிருக்கிறீர்கள். கழிப்பறைதான் பெரிய பிரச்சினை, மறைக்க ஒன்றுமில்லை. எங்களோடு நாலு பெண்கள் வந்தார்கள். நான் வரைபடத்தில் டீக்கடைகளை எல்லாம் குறித்து வைத்திருந்தேன். அவர்கள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல கழிப்பறை எங்கே?" என்றார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. அப்புறம் பெட்ரோல் பங்க், பேருந்து நிலையம், தெரிந்தவர் வீடு என்று பதினைந்து கிலோமீட்டருக்கு ஒன்று வருகிற மாதிரி வழியையே மாற்றினோம். வீடுகளில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போகச் சொல்லி நேரத்தைத்தான் தின்றார்கள்.

என்ன சைக்கிள் வாங்குவது? கியர் எத்தனை இருந்தால் நல்லது? (சென்னை வாசகர்)

இருக்கிற சைக்கிளை ஓட்டுங்கள். முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எங்கே வலிக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் பேசுவோம்.

நீலகிரி இருக்கிறது, கொடைக்கானல் இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தருமபுரிக் காட்டு ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது? (பெங்களூர் வாசகர்)

உங்கள் சமையலறைக்கு வருகிற தக்காளியும் கொத்துமல்லியும் எந்த ஊரிலிருந்து வருகின்றன என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கோபத்தில் சொல்லவில்லை.

ராயக்கோட்டை மேடு ஏறினதும் கோட்டை மலை தெரியும். 1791-ல் மைசூர்ப் போரில் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, பிடித்த கோட்டை. அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தச் சீமை முழுக்கத் திப்பு கையிலிருந்து கும்பினிக்குப் போனது. பாராமகால் என்பார்கள். ரீட் என்ற ராணுவ அதிகாரியை இதை நிர்வகிக்கப் போட்டார்கள். அவருக்கு உதவியாக வந்தவர் தாமஸ் மன்றோ, பிற்பாடு சென்னை கவர்னர் ஆனவர். நிலத்தை வயல் வயலாக அளந்து, நடுவில் ஜமீன் இல்லாமல் விவசாயியிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறை இந்தக் காட்டில்தான் வேர் பிடித்தது. அளந்த பிறகு வரி குறைந்ததா என்று கேட்காதீர்கள். நான் சாப்பாட்டுப் பையை இறக்கி வைக்க, சைக்கிளைச் சாய்க்க எத்தனையோ வருடம் பயன்படுத்தியவை சர்வே கற்கள். ஒரு கல்லில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் பையனுக்குச் சொன்னேன். அவன் பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்ததாகச் சொன்னான்.

அங்கிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்குகிற ரோடு இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை போவேன். ஓசூர்ப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர், கிருஷ்ணகிரி 500 சொச்சம். காலையில் மிதித்து ஏறினதெல்லாம் மதியம் காற்றாகத் திரும்பி வரும். முதலில் செண்டுமல்லி, அப்புறம் புளிய மரம், இறங்க இறங்க மாந்தோப்பு. தை மாதம் மாம்பூ. வெயில் பட்ட மாம்பூ வாசத்துக்குள் மூச்சு விட்டுக்கொண்டே இறங்குவதை நான் உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது. நடுவே மருந்து அடிக்கிற தோப்பு வந்தால் மட்டும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுங்கள். இந்தத் தோப்புகளில் பெங்களூரா மரம் நிறைய. கிளிமூக்கு என்போமே, அதுதான். உங்கள் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் காய்த்து, பக்கத்து ஆலைகளில் கூழாகி எங்கெங்கோ போகிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! (சேலம் வாசகர்)

வாங்க, உங்களைப் போல ஒருவர் கேட்பார் என்றுதான் காத்திருந்தேன்.

காலை பாலக்கோட்டில் இட்லி, ஆளுக்கு ஆறு. அதற்குமேல் சாப்பிட்டால் மிதிக்க முடியாது. முக்கால் மணிக்கு ஒரு தடவை கடலை மிட்டாயோ வாழைப்பழமோ. பசிக்கிறது என்று தோன்றுவதற்கு முன்னால் சாப்பிட வேண்டும், தோன்றிவிட்டால் கால் அப்போதே சோர்ந்திருக்கும். தண்ணீரும் அப்படித்தான், மணிக்கு அரை லிட்டருக்குக் குறையக் கூடாது. வெயில் ஏறினால் உப்புப் போட்ட மோர்.

மதியம் ராயக்கோட்டையில் ஒரு சின்ன மெஸ்ஸில் ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடைசல். கடைக்காரம்மா ஒரு மேசைக்குத் தமிழில் பேசினார், அடுத்த மேசைக்குத் தெலுங்கு, கல்லாவில் நின்றவரோடு கன்னடம். மூன்று மொழியிலும் "இன்னொரு உருண்டை?" என்பதுதான் பேச்சு. பெங்களூர்ப் பெண்கள் களியைச் சோறு மாதிரி மென்றார்கள். மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு படுத்தும். கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே முழுங்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். ஒரு முழு உருண்டை உள்ளே போனால் அப்புறம் சைக்கிள் இல்லை, கட்டில்தான். அரை உருண்டையோடு எழச் சொன்னேன். கேட்டவர்கள் மூன்று மணிக்குக் கிளம்பினார்கள், கேட்காதவர்கள் நாலுக்கு. இருட்டிப் போனதற்குக் கொள்ளு பாதிக் காரணம், களி பாதி.

அணைக்கு வந்ததும் மீன் வறுவல். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தென்பெண்ணையில் கட்டின அணை அது, நிரம்பினால் நீர்மட்டம் 52 அடி. அதன் மகிமையை நான் வேறொரு நாள் எழுதுகிறேன். அன்று இரவு எங்களுக்கு அது மீன் பொரிகிற வாசமாக மட்டும்தான் தெரிந்தது. மிளகாய்த்தூள் தூக்கலாக, ஓரம் கருகினாற்போல். மென்பொருள்காரர் நாலு துண்டு சாப்பிட்டார். ஒற்றைக் கியரில் வந்தவர், சாப்பிடட்டும்.

நான் பத்தாம் வகுப்பு. அடுத்த வருடம் பள்ளியில் சைக்கிள் கொடுப்பார்கள். அதில் இவ்வளவு தூரம் போக முடியுமா தாத்தா? (காரிமங்கலம் மாணவி)

முடியும் கண்ணு. எங்களோடு வந்த பையன் நாலு நாளும் அதில்தான் வந்தான். ஒரு பஞ்சர்கூட இல்லை. பஞ்சர் ஆனதெல்லாம் மெல்லிய டயர்க்காரர்களுக்கு, நெருஞ்சி முள்ளால்.

ஆனால் கொடுத்த நாளிலேயே அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பாதே. உங்கள் ஊர் சைக்கிள் கடையில் ஒரு தடவை ஓவராயில் பண்ணிக்கொள். இரண்டு சக்கரத்திலும் குண்டுக்கு கிரீஸ் வைக்கச் சொல், கம்பிகளை இறுக்கிக் கோட்டம் எடுக்கச் சொல், பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் பிடிக்கிறதா என்று பார். கடைக்காரர் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனி. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார். முன்கூடையில் கனம் வைக்காதே, கைப்பிடி இழுக்கும். பாரம் எல்லாம் பின் கேரியரில்.

வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்று கடிதத்தின் கடைசியில் பென்சிலால் எழுதி அழித்திருக்கிறாய். எனக்குப் படிக்க முடிந்தது, முகவரி படித்தே பழகின கண் இது. முதல் தடவை அம்மாவையும் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வா. பின்னால் உட்காரவைத்து இல்லை, இன்னொரு சைக்கிளில்.

நாய் துரத்தினால் என்ன செய்வீர்கள்? (அரூர் வாசகர்)

இந்தப் பக்கத்தில் எனக்கு முழுத் தகுதி இருக்கிற ஒரே கேள்வி.

வேகமாக மிதிக்காதீர்கள். நாய் துரத்துவது சுற்றுகிற காலை. மிதிப்பதை நிறுத்துங்கள், பாதி நாய் அங்கேயே சலித்துப் போகும். மீதிப் பாதிக்கு, இறங்கிச் சைக்கிளை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். முறைக்காதீர்கள், காலால் உதைக்காதீர்கள். 31 வருடத்தில் என்னைக் கடித்தவை இரண்டு. இரண்டு தடவையும் நான் உதைத்திருந்தேன்.

கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட ஆரம்பியுங்கள், மீதி ஊசிகளையும் சொன்ன நாளில் போட்டு முடியுங்கள். பயணம் எங்கேயும் ஓடிப் போகாது.

அடுத்த பயணம் எப்போது? சேர என்ன கொண்டுவர வேண்டும்? (கிருஷ்ணகிரி வாசகர்)

தையில் இல்லை. மாசி பாதியில் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். கொள்ளு அதற்குள் வீட்டுக்குப் போயிருக்கும், புளி உலுக்க ஆரம்பித்திருப்பார்கள். வெயில் கூடுதலாக இருக்கும், அதனால் ஐந்தரைக்கே கிளம்பிப் பதினொன்றுக்குள் ஒதுங்க வேண்டியிருக்கும். தூங்குமூஞ்சிகள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு இரண்டு ட்யூப், ஒரு பம்பு, பஞ்சர் சாமான், ஹெல்மெட், ஒரு துண்டு. கியர் சைக்கிள்காரர்கள் அவரவர் சைக்கிளுக்குப் பொருந்துகிற ஹேங்கர் ஒன்று கூடுதலாக. சீமாறும் முறமும் குட்டியானையில் நான் ஏற்றிவிடுகிறேன்.